மருந்துக்கு அடங்காத காசநோய்

காசநோய்க்குப் பயன்தந்த முதல் நுண்ணுயிர்க்கொல்லி ஸ்ட்ரெப்டோமைசின். 1943-இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் அதைப் பிரித்தெடுத்தவர் மாணவர் ஆல்பர்ட் ஷாட்ஸ். (1952-இல் நோபல் பரிசு ஆசிரியருக்கு மட்டுமே கிடைத்தது, இது நியாயமாகத் தோன்றவில்லை.)

பிரிட்டனில் 107 நோயாளிகளிடம் இம்மருந்து சோதிக்கப்பட்டது. 55 பேருக்கு ஊசி போடப்பட்டது. 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் ஊசி பெற்றவர்களில் 4 பேரும் மற்றவர்களில் 14 பேரும் இறந்தனர். பெரிய வெற்றிதான். ஆனால் ஐந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, இறந்தோர் எண்ணிக்கை முறையே 32, 35!

காரணம் என்ன? நுரையீரலில் பெருகும் கோடிக்கணக்கான கிருமிகளில் ஒரு சில, தற்செயலான மரபணு மாற்றத்தால் மருந்துக்குச் சாவதில்லை. மற்றவை மடிந்ததும் இவை பெருகிவிடுகின்றன. இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் இரண்டுக்கும் தப்பும் கிருமி மிக அரிது. அதனால் பாராஅமினோசாலிசிலிக் அமிலமும், பின்னர் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் ஆகியவையும் சேர்க்கப்பட்டன.

இடையில் மருந்தை நிறுத்துவோரிடம் இதே கதை மீண்டும் நிகழ்கிறது. ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் இரண்டுக்கும் அடங்காததே பன்மருந்து எதிர்ப்புக் காசநோய். முன்பு இதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சிகிச்சை தேவைப்பட்டது. செவித்திறனைக் கெடுக்கும் ஊசிகளும் அதில் அடங்கும். பெடாகுயிலின் உள்ளிட்ட மாத்திரைகளைக் கொண்ட ஆறுமாதச் சிகிச்சையை 2022-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது.