அவிழ்த்துப் போட ஓர் இடம்: திருவரங்கம் வந்த கூண்டு வண்டிகள்

ரயில் வருவதற்கு முந்தைய திருச்சிராப்பள்ளி வட்டாரத்தில், ஒரு குடும்பம் இரண்டு மூன்று நாள் திருவிழாவுக்காகத் திருவரங்கம் புறப்பட்டால், ஏறிச் சென்ற மாட்டுவண்டியே அந்த நாள்களுக்கு அதன் வீடாகவும் அமைந்தது. மூங்கில் வாரைகளை வில்லாக வளைத்துக் கட்டி அவற்றின்மேல் பாய் வேய்ந்த கூண்டு வண்டியில், தட்டின்மீது வைக்கோலைத் தடிப்பாகப் பரப்பி அதன்மேல் ஜமக்காளம் விரித்து, முதியவர்களும் பெண்களும் குழந்தைகளும் படுத்துறங்க, ஆண்கள் முறைவைத்துப் பின்னால் நடந்து வருவார்கள். அச்சுக்குக் கீழே லாந்தர் விளக்கும், சக்கரக் குடத்துக்கு இடும் மசகைக் கொண்ட மூங்கில் குழாயும் தொங்கும். அரிசி, புளி, பாத்திரங்கள், கட்டுச்சோற்று மூட்டை ஆகியவற்றோடு காளைகளுக்கான தீனியும் வண்டியிலேயே வரும். வசதி படைத்தவர்கள் இரும்பு விற்களின்மேல் பொருத்தப்பட்ட வில்வண்டியில் வந்தார்கள் என்றாலும், குலுக்கல் சற்றுக் குறைந்ததைத் தவிர அவர்களுடைய பயணத்தின் ஒழுங்கு வேறுபட்டதாகத் தெரியவில்லை.

அந்த ஒழுங்கை வகுத்தது பயணியின் விருப்பமன்று, காளையின் கால். பாரம் ஏற்றிய இணைமாடு மணிக்கு மூன்று அல்லது நான்கு கிலோமீட்டர் நடக்கும். கோடையில் பகல் வெயிலில் அதை ஓட்டக்கூடாது என்பதால், பொழுது சாயப் பூட்டி, மறுநாள் வெயில் ஏறுமுன் அவிழ்த்துவிடுவது வழக்கமாயிற்று. இந்தக் கணக்கில் துறையூரிலிருந்தோ பெரம்பலூரிலிருந்தோ திருவரங்கம் சேர இரண்டு இரவுகள் வேண்டியிருந்தன; இடையில் வரும் பகற்பொழுதைக் கழிக்கத் தண்ணீரும் நிழலும் ஒருங்கே உள்ள ஓர் இடம் தேவைப்பட்டது. பழைய சாலையோரங்களில் குளம், தோப்பு, தண்ணீர்ப்பந்தல், தலைச்சுமையோடு நடப்பவர் பிறர் உதவியின்றி இறக்கி வைப்பதற்கான சுமைதாங்கிக் கல், கால்நடைகள் உடல் தேய்த்துத் தினவு தீர்த்துக்கொள்ள நடப்பட்ட ஆவுரிஞ்சு கல் ஆகியவை அடுத்தடுத்துக் காணப்படுவதற்குக் காரணம் இதுவே. இவற்றுள் பல தனித்தனி அறச்செயல்களாக எழுந்தவை; கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நடுவது இப்பகுதியிலும் பரவலான வழக்கமாக இருந்தது.

அரசுகள் செய்த அறம் இதே வழித்தடத்தைப் பின்பற்றியது. திருச்சிராப்பள்ளியைத் தலைநகராகக் கொண்டு 1689 முதல் 1706 வரை ஆட்சிப் பொறுப்பு வகித்த இராணி மங்கம்மாளின் பெயர் சாலைகளோடும் சத்திரங்களோடும் இன்றும் பிரியாமல் வழங்குகிறது. தஞ்சை மராத்தியர் இராமேசுவரம் செல்லும் வழியில் அமைத்த சத்திரங்களுள் ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் பெரிதும் அறியப்பட்டது. சத்திரம் என்பது வழிப்போக்கருக்கு உணவும் உறைவிடமும் தர, நிலம் எழுதி வைத்து நடத்தப்பட்ட அறநிலையம். அதன் வரலாற்றை எழுதியவர்கள் அன்னதானத்தையும் கொடையாளியையும் விரிவாகப் பேசிய அளவுக்கு வண்டி நிற்கும் வெளியையும் மாடு கட்டும் கொட்டிலையும் பேசவில்லை. மாட்டை அவிழ்த்துக் கட்ட வழியில்லாத சத்திரத்தில், சோறு எத்தனை நன்றாக இருந்தாலும், குடும்பத்தோடு வந்தவன் தங்கியிருக்க மாட்டான்.

திருவரங்கத்தின் ஆண்டுச் சுழற்சியில் வண்டிகள் மிகுதியாகத் திரண்டது சித்திரைத் தேருக்குத்தான். படையெடுப்புக் காலத்தில் வெளியே கொண்டு செல்லப்பட்ட உற்சவத் திருமேனி 1371இல் திரும்பி வந்தபின், விஜயநகர அரச மரபினரான விருப்பண்ண உடையாரின் பெயரால் ஏற்பட்ட இத்திருநாளை, விருப்பன் திருநாள் என்றே கோயில் வழக்கில் குறிப்பர். அறுவடை முடிந்து கையில் நெல்லும் ஓய்வும் இருக்கும் இம்மாதத்தில், சுற்றுவட்டக் கிராமத்தார் தானியத்தையும் கால்நடையையும் காணிக்கையாகக் கொண்டுவருவது மரபு. அவற்றை ஏற்றிவரவும் வண்டி வேண்டும். ஆறும் அப்போது ஒத்துழைத்தது. 1934இல் மேட்டூர் அணை முடிவதற்கு முன்பு, தென்மேற்குப் பருவமழையின் புதுவெள்ளம் ஆனியிலும் ஆடியிலும் வரும்வரை காவிரியும் கொள்ளிடமும் பெரும்பாலும் மணற்பரப்பாகக் கிடந்தமையால், வடகரையிலிருந்து வந்த வண்டிகள் கொள்ளிடத்தின் மணலிலேயே இறங்கி, இரண்டு ஆறுகளுக்கும் இடையே உள்ள திருவரங்கத் தீவை அடைய முடிந்தது. மார்கழியில் வரும் வைகுண்ட ஏகாதசிக்கு இந்த வசதி கிடையாது; நீர் ஓடும் ஆற்றைப் பரிசலில் கடக்கும் மனிதர்கள் வண்டியைக் கரையில் விட்டுவிட வேண்டியிருந்திருக்கும். ஆடிப்பெருக்கோ ஒரே நாள் விழா. சித்திரான்னங்களைக் கட்டிக்கொண்டு வந்து அம்மா மண்டபத் துறையில் காவிரியை வழிபட்டு, உண்டு, பொழுது சாய வீடு திரும்புவார்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து வந்த இருப்புப்பாதை 1862இல் திருச்சிராப்பள்ளியை எட்டியபோது, பயணமும் தங்குதலும் முதன்முறையாக வெவ்வேறு ஆயின. ரயிலில் வந்தவருக்கு இரவில் தலை சாய்க்க வாடகை அறையோ உறவினர் திண்ணையோ தேவைப்பட்டது. எனினும் விழுப்புரத்திலிருந்து திருவரங்கம் வழியாக வரும் குறுக்குப் பாதை 1920களின் இறுதியில்தான் நிறைவடைந்ததால், அதுவரை ரயில் பயணிகளும் கடைசிச் சில மைல்களுக்கு ஜட்கா எனப்பட்ட குதிரை வண்டியையோ மாட்டுவண்டியையோ நம்பியிருந்தனர். துறையூருக்கும் பெரம்பலூருக்கும் இன்றுவரை ரயில் பாதை இல்லை. அப்பக்கத்து மக்களிடம் கூண்டு வண்டிப் பயணம், பேருந்துகள் பெருகும்வரை, அதாவது ரயில் வந்து பல பத்தாண்டுகள் கழிந்த பின்னும், நீடித்ததற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

மாடு மறைந்தபோது அதற்கெனப் பேணப்பட்ட தோப்பும் குளமும் பராமரிப்பை இழந்தன. ஆனால் வண்டியோடு வீட்டைக் கொண்டுவரும் பழக்கம் மறையவில்லை. கார்த்திகை, மார்கழி மாதங்களில் சபரிமலைக்குச் செல்லும் குழுக்கள் திருவரங்கத்தில் வேனை நிறுத்தி, எரிவாயு அடுப்பை இறக்கிச் சமைத்து, வண்டியிலேயே உறங்கி எழுவதைக் காணலாம். கொள்ளிடக் கரையையொட்டிய பஞ்சக்கரைப் பகுதியில் 2014இல் திறக்கப்பட்ட யாத்திரி நிவாஸ் என்னும் பெரிய விடுதி, சத்திரத்தின் வழிவந்தது எனலாம். வண்டிக்கு நிற்க இடம் வேண்டும் என்ற பழைய தேவையும் மாறவில்லை. படுக்கை, சமையலறை, கழிப்பறை ஆகியவற்றை உள்ளடக்கிய கேரவன் வண்டியைச் சுற்றுலாவுக்குப் பயன்படுத்தும் திட்டத்தைக் கேரளம் 2021இல் அறிவித்தபோது, வண்டிகளோடு அவை நிற்பதற்கான பூங்காக்களையும் சேர்த்தே திட்டமிட்டது; தண்ணீர் நிரப்பவும், மின்சாரம் ஏற்றவும், கழிவை அகற்றவும் ஏற்பாடில்லாத சாலையோரத்தில் அத்தகைய வண்டியை ஓரிரவுக்கு மேல் நிறுத்தி வைப்பது கடினம்.