இரவு 7 மணி: மதுரைக் கடைப் பையன்களும் ஒரு சட்டப் பிரிவின் வரலாறும்

மதுரைக் கடைவீதிகளில் வேலை பார்க்கும் பதினைந்து, பதினாறு வயதுப் பையன்களைப் பற்றி இரண்டு வகைச் செய்திகளில்தான் படிக்கிறோம். குழந்தைத் தொழிலாளராக மீட்கப்பட்டான் என்பது ஒன்று. கஞ்சாப் பொட்டலத்தோடோ, பறித்த செல்போனோடோ பிடிபட்டான் என்பது மற்றொன்று. இரண்டிலுமே கடையை விட்டு வெளியே வந்த பிறகுதான் அவன் நம் கண்ணில் படுகிறான். கடைக்குள் அவன் நின்ற காலத்தில் சட்டம் அவனை என்ன பெயரிட்டு அழைத்தது, அவனிடமிருந்து எதைக் காக்க நினைத்தது, அவனை எதிலிருந்து காக்க நினைத்தது? இவற்றின் வரலாற்றை இக்கட்டுரை தேடுகிறது.

தேடலுக்கு முன்னால் மைரன் வீனரோடு ஒரு வழக்கைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். இந்தியாவில் குழந்தை உழைப்பைப் பற்றி யார் எழுதினாலும் 1991இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் வெளியிட்ட அவருடைய ‘இந்தியாவில் குழந்தையும் அரசும்’ என்ற நூலைக் கடந்துதான் போக வேண்டியிருக்கிறது. வறுமைதான் காரணம் என்ற வழக்கமான பதிலை அவர் ஏற்கவில்லை. இந்தியாவைவிட ஏழ்மையான நிலையில் இருந்த நாடுகளும் கட்டாயக் கல்வியைக் கொண்டுவந்து பிள்ளைகளை வேலையிலிருந்து விலக்கியிருக்கின்றன என்றார். கையால் உழைக்கப் பிறந்தவர்கள் வேறு, மூளையால் உழைக்கப் பிறந்தவர்கள் வேறு என்ற நம்பிக்கை அதிகாரிகளிடமும் ஆசிரியர்களிடமும் நடுத்தர வர்க்கத்திடமும் ஊறிக்கிடக்கிறது, அதனால்தான் அரசு தயங்குகிறது என்பது அவர் முடிவு. சிவகாசித் தீப்பெட்டித் தொழிலும் அவர் பார்வையில் விழுந்தது. மதுரையிலிருந்து கூப்பிடு தொலைவில் உள்ள ஊர் என்பதால், இந்த நூலை நாம் அயலூர்ச் சங்கதியாக ஒதுக்க முடியாது.

அவர் சொன்னதில் பெரும்பகுதி உண்மை. நான் மறுப்பது அவர் வாசிப்பின் இரண்டு எல்லைகளை. முதலாவது வயது. அவருடைய ‘குழந்தை’ பதினான்கோடு முடிந்துவிடுகிறது. இரண்டாவது இடம். தீப்பெட்டி, பட்டாசு, கம்பளம், பீடி என்று உற்பத்தி நடக்கும் இடங்களே அவர் வாதத்தைத் தாங்கி நிற்கின்றன. விற்கும் இடமான கடை அதில் ஓரமாகக்கூட நிற்கவில்லை. இந்தக் குறை அவருடையது மட்டுமன்று. தொழிலாளர் நிலையை ஆராய்ந்து 1931இல் அறிக்கை அளித்த விட்லி ஆணையம் பீடிப் பட்டறைகளில் பிள்ளைகள் அடகு வைக்கப்படுவதைக் கண்டு அதிர்ந்தது. அதன் விளைவாக 1933இல் குழந்தை உழைப்பை அடகு வைப்பதைத் தடுக்கும் சட்டம் வந்தது. 1938ஆம் ஆண்டின் குழந்தைகள் வேலைச் சட்டம் ரயில், துறைமுகம், பீடி, சாயம், தோல், தீப்பெட்டி என்று அட்டவணை போட்டது. அதில் கடை இல்லை. 2006 அக்டோபர் 10 முதல் உணவகங்களும் டீக்கடைகளும் தடைப்பட்டியலில் சேர்ந்தன. அப்போதும் ஜவுளிக்கடையும் பலசரக்குக் கடையும் பாத்திரக் கடையும் பட்டியலுக்கு வெளியிலேயே நின்றன. மத்திய அரசின் கண் எங்கே பார்க்கவில்லையோ, அரசைக் குறை சொன்னவரின் கண்ணும் அங்கே பார்க்கவில்லை.

நம்பிக்கை மாறினால் பிள்ளை பள்ளிக்குப் போவான், பள்ளிக்குப் போனால் வேலையிலிருந்து விடுபடுவான் என்பது வீனர் போட்ட கோடு. தமிழ்நாடு அந்தக் கோட்டின் முதல் பாதியை நிறைவேற்றிக் காட்டியது. 1956இல் காமராசரின் மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022 செப்டம்பர் 15இல் காலை உணவு. காலை உணவுத் திட்டம் தொடங்கியதே மதுரை நெல்பேட்டையில், ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில். கீழவாசல் கடைகளிலிருந்து நடந்து போய்விடலாம். பத்து வயதுப் பையனை இன்று அந்தக் கடைகளில் பார்ப்பது அரிது. அந்த அளவில் இது பெரிய சாதனை, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கடைப் பையன் மறைந்துவிடவில்லை, அவன் வயதுதான் ஏறியிருக்கிறது. ஒன்பதாம் வகுப்போடு நின்றவன், பத்தாம் வகுப்பில் தவறியவன், படித்துக்கொண்டே மாலையிலும் ஞாயிறன்றும் தீபாவளி சீசனிலும் வருபவன் என்று அவன் இருக்கிறான். கல்வி உரிமைச் சட்டம் பதினான்கில் கைவிட்ட இடத்தில் அவன் கடைப்படி ஏறுகிறான். அவனை விளக்க வீனரிடம் சொல் இல்லை.

கடைக்காரர்களிடம் வேறொரு விளக்கம் உண்டு. அதையும் மதித்துக் கேட்க வேண்டும். தெற்கத்திச் சீமையிலிருந்து வரும் பையன் முதலாளி வீட்டிலேயே தங்கிச் சாப்பிட்டு, பொட்டலம் மடிக்கவும் தராசு பிடிக்கவும் கணக்கு எழுதவும் கற்று, பின்னாளில் தானே கடை வைப்பான் என்பது அவர்கள் மரபு. விருதுநகரில் 1903இல் பிறந்த காமராசரும் பள்ளியை விட்டபின் தாய்மாமன் கருப்பையா நாடாரின் துணிக்கடையில்தான் நின்றார். அந்தக் கடை உறவினர் கடை, பையனை முதலாளியின் வீடே பார்த்துக்கொண்டது. இன்று உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் வாடிப்பட்டியிலிருந்தும் பஸ்ஸில் வருகிற பையனுக்கு அந்த உறவு கிடையாது. அவன் தங்குவது முதலாளி வீட்டுத் திண்ணையில் அன்று, குடோனில்.

சட்டம் கடைப் பையனை முதன்முதலில் எந்தப் பெயரில் கண்டது? நான் தேடிப் பார்த்தவரை, இளையவன் என்று அன்று, வேலையாள் என்றுதான். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சாதாரணத் திருட்டுக்கு மூன்றாண்டு வரை சிறை (379ஆம் பிரிவு). அதே திருட்டை முதலாளியின் பொருளில் எழுத்தரோ வேலையாளோ செய்தால் ஏழாண்டு வரை (381ஆம் பிரிவு). தெருவில் ஒருவன் திருடுவதைவிட, கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்கிறவன் அதில் கை வைப்பது இரு மடங்குக்கும் மேலான குற்றம். நம்பிக்கைத் துரோகம் என்பது இதன் நியாயம். அந்த நம்பிக்கைக்கு ஈடாக அவனுக்கு என்ன தரப்பட்டது என்று அப்பிரிவு கேட்கவில்லை.

போதையைப் பற்றி நாடு முழுதும் விசாரித்த 1893–94 இந்தியக் கஞ்சா ஆணையத்தின் வினாநிரலிலும், தொடக்கத்தில் சொன்ன இரண்டு வகைச் செய்திகளின் பிளவு தெரிகிறது. பிள்ளைகள் இவற்றை உட்கொள்வது வழக்கமா என்று ஓரிடத்தில் கேட்கிறது. கெட்ட நடத்தைக்காரர்களில் எத்தனை பேர் இதற்குப் பழகியவர்கள், குற்றத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று வேறோர் இடத்தில் கேட்கிறது. வீட்டுக்குள் இருக்கும் பிள்ளை ஒரு வினாவில், ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட குற்றவாளி மற்றொரு வினாவில். இரண்டுக்கும் நடுவில் வேலைத்தலத்தில் நிற்கும் இளையவனுக்கு அங்கே வினாவே இல்லை.

அவனுக்கென்று ஒரு பிரிவு வந்தது 1947இல். அன்று சென்னை மாகாணச் சட்டம், இன்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். பதினான்கு முடியாதவர் குழந்தை, கடையில் வேலைக்கு வைக்கவே கூடாது. பதினான்கு முடிந்து பதினேழு முடியாதவர் இளம் வயதினர். 18ஆம் பிரிவின்படி அவர் காலை 6 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் எந்த நிறுவனத்திலும் வேலை செய்யப் பணிக்கப்படவோ அனுமதிக்கப்படவோ கூடாது. நாளுக்கு 7 மணி நேரம், வாரத்துக்கு 42 மணி நேரம், மிகைநேர வேலை கிடையாது.

இந்தப் பிரிவை எளிதாகத் தள்ளிவிடலாம். பதினேழு என்ற வயதும், ஆறு, ஏழு என்ற மணிகளும் 1934ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் ஏற்கெனவே இருப்பவை, ஆலைக்கு எழுதியதைக் கடைக்கும் படியெடுத்து ஒட்டியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். நான் அப்படிக் கருதவில்லை. 1934ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த நடுப்பருவம் பதினைந்து முடிந்த பிறகே தொடங்குகிறது. 1947ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது பதினான்கில் தொடங்குகிறது. 7 மணி நேரம், 42 மணி நேரம் என்ற கணக்கோ வயது வந்தவரின் 8, 48 என்ற கணக்கிலிருந்து அளந்து குறைத்தது. வெறும் நகல் எடுத்தவன் இத்தனை இடத்தில் கை வைத்திருக்க மாட்டான்.

அதைவிட முக்கியம், அதே எண் இடம் மாறும்போது பொருள் மாறுகிறது. ஆலைக்கு இரவு 7 மணி என்பது ஷிப்டு மாறும் நேரங்களில் ஒன்று. கடைக்கு அது வியாபாரம் சூடுபிடிக்கும் நேரம். பையனின் கை முதலாளிக்கு எப்போது மிகவும் தேவைப்படுகிறதோ, சரியாக அப்போது அவனை வீட்டுக்கு அனுப்பச் சொல்கிறது இந்தப் பிரிவு.

இதற்குப் பக்கத்தில் ஒரு பாடவேறுபாட்டை வைத்துப் பார்க்க வேண்டும். 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் தடைநேரம் இரவு 7 முதல் காலை 8 வரை. மாலை எல்லை இரண்டிலும் ஒன்றே. காலை எல்லை மட்டும் 6, 8 என்று வேறுபடுகிறது. இந்த இரண்டு மணி நேர வேறுபாடு தற்செயல் அன்று என்பது என் வாதம். வாசல் கூட்டித் தண்ணீர் தெளித்து, சாம்பிராணி காட்டி, முதல் போணிக்குக் காத்திருக்கும் காலை நேரம் தமிழ்நாட்டுக் கடைக்கு எப்படிப்பட்டது என்று 1947இல் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தக் காலையை முதலாளிக்கு விட்டுக்கொடுத்தார்கள், மாலையை விட்டுக்கொடுக்கவில்லை. ஆபத்து எந்தப் பக்கம் என்று அறிந்த கை எழுதிய பிரிவு இது. இதற்கு நேர்ச்சான்று என்னிடம் இல்லை, பிரதியின் உள்ளமைப்பை வைத்துச் செய்த ஊகம்தான். ஆயினும் படியெடுப்பு என்ற விளக்கத்தைவிட இது பிரதிக்கு நெருக்கமாக இருக்கிறது.

‘அனுமதிக்கப்படவோ’ என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். பையன் தானாக விரும்பி நின்றான் என்று முதலாளி சொல்லித் தப்ப முடியாது. அவனை நிற்க விட்டதே குற்றம்.

தூங்கா நகரம் என்று மதுரையைப் பெருமையாகச் சொல்கிறோம். மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி நாளங்காடியோடு அல்லங்காடியையும் பாடுகிறது. அந்நூலின் காலம் பற்றி அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. எந்த நூற்றாண்டாயினும், இரவுக்கடையும் இரவுக்கள்வரும் ஊர்க்காவலரும் அதில் அடுத்தடுத்து வருவது என்னை நிறுத்துகிறது. விளக்கு எரியும் கடைவீதியில் யாரெல்லாம் விழித்திருந்தார்கள் என்று கேட்காமல் அந்தப் பெருமையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

விளக்குத்தூண், கீழமாசி வீதி, நேதாஜி ரோடு பக்கம் தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் ஷட்டர் இறங்கும்போது மணி என்ன என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கடைசி பஸ் போயிருக்கும். பையன் குடோனிலோ கடையின் பரணிலோ படுக்கிறான். பக்கத்தில் படுப்பவர் அவனைவிட ஐந்து, பத்து வயது மூத்த வேலையாள். கால் கடுக்கப் பதினான்கு மணி நேரம் நின்றவனுக்கு வலி போகவும், விழித்திருக்கவும், பிறகு தூங்கவும் அந்த மூத்தவரிடம் வழி இருக்கிறது. முதலில் ‘தம்பி, போய் வாங்கிட்டு வா’ என்று அனுப்புவதுதான். எடுபிடி வேலை பார்ப்பவன் எதை எடுத்து வருகிறான் என்று யாரும் கேட்பதில்லை. பகலில் சீரகமும் மிளகும் மடிக்கும் கை, இரவில் வேறொரு பொட்டலத்தையும் ஏந்துகிறது. சரக்கு, பொட்டலம் என்ற இரண்டு கடைச்சொற்களும் போதைக்கும் அப்படியே பொருந்திப் போனது மொழியில் மட்டும் நடந்த மாற்றமாக எனக்குத் தோன்றவில்லை.

கூலிப் என்ற புகையிலைப் பொட்டலம் ஏன் கடைப் பையனைப் பிடித்துக்கொண்டது என்பதற்கும் வேலைத்தலத்திலேயே விடை இருக்கிறது. உதட்டுக்குள் ஒதுக்கிக்கொண்டால் புகை இல்லை, வெளியே போக வேண்டியதில்லை, வாடிக்கையாளருக்குத் துணி விரித்துக்கொண்டே பயன்படுத்தலாம். 2013 முதல் குட்கா, பான்மசாலா வகைகளுக்குத் தமிழ்நாட்டில் தடை இருந்தும், 2024இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை மாணவர்களிடையே கூலிப் பரவியிருப்பதைக் கவலையோடு எடுத்துப் பேச வேண்டியிருந்தது. அந்தக் கவலை பள்ளி மாணவனைப் பற்றியது. பள்ளியை விட்டவன் அதற்குள் வரவில்லை.

2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் பதினெட்டு முடியாதவரைக் குழந்தை என்கிறது. மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ குழந்தைக்குக் கொடுத்தால் ஏழாண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம் (77ஆம் பிரிவு). குழந்தையைக் கொண்டு அவற்றை விற்கவோ சுமக்கவோ கடத்தவோ வைத்தாலும் அதே தண்டனை (78ஆம் பிரிவு). ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால், 77இல் உள்ள புகையிலை 78இல் இல்லை. பையனுக்குப் புகையிலை கொடுத்தவர் சிக்குவார். தனக்காக வாங்கி வர அவனை நாள்தோறும் அனுப்பியவர் இந்தப் பிரிவில் சிக்கமாட்டார். எடுபிடிப் பழக்கம் தொடங்கும் வாசலையே சட்டம் திறந்து வைத்திருக்கிறது.

2021 டிசம்பரில் தொடங்கிய காவல்துறையின் ‘கஞ்சா வேட்டை’ வழங்கும் வழியை அடைக்க முயன்றது, அது வேண்டியதே. ஆனால் இரவு 7 மணிக்குப் பிறகு கடையில் நிற்கும் பையனை எண்ணுவது தொழிலாளர் துறையின் வேலை. பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் கடைகள் நாள் முழுதும் திறந்திருக்கலாம் என்று 2019இல் அரசாணை வந்து, 2022இல் நீட்டிக்கப்பட்டது. கடை திறந்திருக்கும் நேரம் வேறு, இளையவன் அதற்குள் இருக்கும் நேரம் வேறு. இந்த வேறுபாட்டைக் காப்பதற்காகவே 1947இல் ஒரு தனிப் பிரிவு எழுதினார்கள்.

வீனரிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பிரிவு ஏன் ஏட்டிலேயே நின்றது என்றால், இரவு பத்து மணிக்குப் புடவை எடுக்கப் போகும் நாமும் காரணம். துணி மடித்துப் போடும் பையனின் வயதை நாம் கேட்பதில்லை. அவர் சொன்ன நம்பிக்கை அங்கே இருக்கிறது. சட்டம் எழுதியவரிடம் அது இருந்ததாகத்தான் நான் காணவில்லை.

1860இல் தொடங்கிய வேலையாள் என்ற பெயரோ இன்னும் அழியவில்லை. 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைவான பொருளை முதன்முறை திருடியவர் அதைத் திருப்பிக் கொடுத்தால் சமூக சேவையே தண்டனை என்ற புதிய சலுகை வந்திருக்கிறது. அது 303ஆம் பிரிவில் உள்ளது. வேலையாள் திருட்டுக்கான 306ஆம் பிரிவில் அந்தச் சலுகை இல்லை, பழைய ஏழாண்டு அப்படியே இருக்கிறது. பதினெட்டு முடியும்வரை இளைஞர் நீதிச் சட்டம் பையனுக்குக் குடை பிடிக்கும். பதினெட்டு முடிந்த மறுநாள் கல்லாவிலிருந்து ஐந்நூறு ரூபாய் எடுத்தவன், தெருவில் ஐந்நூறு ரூபாய் திருடியவனுக்குக் கிடைக்கும் வாய்ப்பைக்கூடப் பெறமாட்டான்.

தீராத ஒன்று மிஞ்சுகிறது. 2016ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு மத்தியச் சட்டத்தின் இரவு 7 மணித் தடை பதினான்கு முதல் பதினெட்டு வரையுள்ள வளரிளம் பருவத்தினருக்கு உரியது. மாநிலச் சட்டத்தின் இளம் வயதினர் பதினேழோடு முடிகிறார். பதினேழு முடிந்து பதினெட்டு முடியாத பையன் இரவு எட்டு மணிக்குக் கீழமாசி வீதிக் கடையில் நின்றால், ஒரு சட்டத்தின்படி அவன் நிற்கலாம், மற்றொன்றின்படி நிற்கக்கூடாது. ஆய்வுக்கு வரும் அதிகாரியின் கையில் எந்தச் சட்டத்தின் படிவம் இருக்கிறதோ, அன்று அவன் வயதை அதுவே தீர்மானிக்கிறது.