மயிலிட்டி என்று தேடுபவர் எதைத் தேடுகிறார்?

கூகுளில் ஒருவர் "மயிலிட்டி" என்று ஒரே ஒரு சொல்லைத் தட்டுகிறார். அவருக்கு என்ன வேண்டும்? வகுப்பில் கேட்டால் "அந்த ஊரைப் பற்றி அறிய வேண்டும்" என்று பிள்ளைகள் சட்டென்று சொல்லிவிடுவார்கள். கொஞ்சம் நின்று யோசிப்போம்.

மயிலிட்டியில் தொழிலுக்குப் போகிறவருக்குத் துறைமுக வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று தெரிய வேண்டும். இராமேஸ்வரத்தில் இருக்கும் குடும்பத்துக்கோ, கடற்படை பிடித்த தங்கள் படகு அங்கேதான் கட்டிக் கிடக்கிறதா என்பது தெரிய வேண்டும். பிடிபடும் இந்திய இழுவைப் படகுகள் பல மயிலிட்டித் துறைமுகத்துக்குத்தான் கொண்டுவரப்படுகின்றன. ரொறன்ரோவில் இருப்பவர் தன் தகப்பனின் காணி விடுபட்டதா என்று பார்க்கிறார். செயற்றிட்டம் எழுதும் மாணவிக்கு ஊரின் வரலாறு வேண்டும். எல்லோரும் தட்டியது ஒரே சொல்.

கேட்கப்பட்ட சொல்லுக்குப் பின்னால் இருக்கும் தேவையைக் கண்டுபிடிப்பது கணினியோடு வந்த வேலை அல்ல. நூலகர்கள் அதை முன்பே செய்துவந்தார்கள். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் முதலில் நம்மைப் போல ஓர் ஆசிரியர், கணித ஆசிரியர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931இல் அவர் எழுதிய நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைப் பற்றியது. வாசகருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று விளங்கிக்கொள்ளாத நூலகர் அவருடைய நேரத்தைக் காப்பாற்ற முடியாது. யாழ்ப்பாணப் பொது நூலகம் திட்டமிடப்பட்டபோது ஆலோசனை கேட்கப்பட்டவர்களில் அவரும் ஒருவர். 1959இல் அந்தக் கட்டடம் திறக்கப்பட்டது.

1968இல் அமெரிக்காவின் ரொபர்ட் ரெய்லர் இதை இன்னும் தெளிவாகச் சொன்னார். மனதில் இருக்கும் தேவை வேறு, வாயில் வரும் கேள்வி வேறு. எதிரில் இருப்பவரிடம் என்ன கிடைக்கும் என்று நாமே ஊகித்து, அதற்கு ஏற்றபடி கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறோம். ஆகவே நல்ல நூலகர் உடனே புத்தகத்தை நீட்டமாட்டார். "எதற்காக, மகள்?" என்று முதலில் கேட்பார்.

இயந்திரத்தால் அப்படிக் கேட்க முடியவில்லை. அல்ராவிஸ்ரா தேடுபொறியில் பணியாற்றிய அன்ட்ரே புரோடர் 2002இல் வெளியிட்ட கட்டுரை இதில் ஒரு திருப்பம். தேடல்களை அவர் மூன்றாகப் பிரித்தார்: ஒன்றை அறிவதற்காக, ஒரு குறிப்பிட்ட தளத்துக்குப் போவதற்காக, வாங்குவது தரவிறக்குவது போன்ற ஒரு காரியத்தை முடிப்பதற்காக. பதிவேட்டிலிருந்து எடுத்த மாதிரியில், அறிவதற்காகத் தேடியவை 48 வீதம் மட்டுமே. தேடுகிற எல்லோரும் தகவல் தேடுகிறார்கள் என்ற எண்ணம் அதோடு உடைந்தது.

அதன் பிறகு தேடுபொறிகள் சொல்லை விட்டு நோக்கத்தைப் பிடிக்க முயன்றன. 2019 ஒக்டோபரில் கூகுள் 'பேர்ட்' என்ற மொழி மாதிரியைத் தேடலில் சேர்த்தது. பிரேசிலிலிருந்து அமெரிக்காவுக்குப் போகிறவருக்கு விசா வேண்டுமா என்ற கேள்விக்கு, அமெரிக்காவிலிருந்து பிரேசிலுக்குப் போகிறவருக்கான பதிலை இயந்திரம் முன்பு கொடுத்து வந்ததாம். ஒரு சின்னச் சொல்லை அது கவனிக்கவில்லை. தமிழில் அந்த வேலையை வேற்றுமை உருபு செய்கிறது. மயிலிட்டிக்கு, மயிலிட்டியில், மயிலிட்டியிலிருந்து: போகிறவர், இருப்பவர், வெளியேறியவர். ஆனால் தேடும்போது நாம் உருபை விட்டுவிட்டு ஊர்ப்பெயரை மட்டும் தட்டுகிறோம்.

உருபு இல்லாதபோது இயந்திரம் என்ன செய்யும்? இருக்கும் இடம், அன்றைய செய்தி, முன்பு தேடியவர்கள் எதை அழுத்தினார்கள் என்பவற்றைப் பார்த்து ஊகிக்கும். அதாவது, பலருடைய நோக்கம் உங்களுடைய நோக்கமாகவும் எடுத்துக்கொள்ளப்படும்.

இங்கேதான் மயிலிட்டியின் வரலாறு முக்கியமாகிறது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது மக்கள் வெளியேறினார்கள். ஊர் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. 27 வருடங்களுக்குப் பிறகு, 2017 ஜூலை 3ஆம் திகதி, துறைமுகமும் 54 ஏக்கர் காணியும் விடுவிக்கப்பட்டன. 2019 ஓகஸ்டில் துறைமுகப் புனரமைப்பின் முதற் கட்டம் திறக்கப்பட்டது. 2025 செப்டெம்பரில் மூன்றாம் கட்ட வேலை தொடங்கியது. 2010இல் அந்தப் பெயரைத் தேடியவர் "எப்போது விடுவார்கள்?" என்று கேட்டிருப்பார். இன்று தேடுகிறவருக்குத் துறைமுகமும் பிடிபட்ட படகுகளும் முதலில் வரும். தன் வளவின் வேலி எங்கே இருந்தது என்று தேடுபவருக்கு அங்கே பதில் இல்லை. நோக்கம் விளங்கினாலும் கொடுப்பதற்கு எழுத்து வேண்டுமே!

இது நமக்கு அந்நியமான கதை அல்ல. மயிலிட்டி மக்கள் வெளியேறிய அதே 1990இல், ஒக்டோபர் மாதம், விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். புத்தளத்தில் பிறந்த நம் பிள்ளை "சோனகத்தெரு" என்று தட்டும்போது வரைபடம் கேட்கவில்லை. உம்மம்மா சொன்ன வீடு எப்படி இருந்தது என்று கேட்கிறது. மயிலிட்டிப் பிள்ளையின் கேள்வியும் நம் பிள்ளையின் கேள்வியும் ஒன்றுதான்.

1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு சுமார் 97,000 நூல்கள் எரிந்தன. 2005இல் நூலகம் என்ற இணைய நூலகம் தொடங்கி ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் சேர்த்து வருகிறது. ஆனால் எழுதப்பட்டதைத்தான் அதுவும் சேர்க்க முடியும். வீதிப் பெயர், கிணறு, கடை, பள்ளிக்கூடம், வள்ளம் இழுத்த கரை எல்லாம் இன்னும் பெரியவர்களின் வாயில்தான் இருக்கின்றன.

ஆசிரியர்களான நாம் இரண்டு காரியம் செய்யலாம். பிள்ளை ஒன்றைத் தேடித் தரச் சொன்னால், தேடுவதற்கு முன் "எதற்கு?" என்று கேட்போம். பிள்ளையையும் முழு வசனமாகத் தேடப் பழக்குவோம். அடுத்தது, வீட்டில் இருக்கும் மூத்தவர் சொல்வதை ஊர்ப்பெயரோடும் வருடத்தோடும் தமிழில் எழுதி வைக்கச் சொல்வோம்.

மயிலிட்டியையோ சோனகத்தெருவையோ நினைவில் வைத்திருப்பவர்கள் கீழே ஒரு வரியாவது எழுதுங்கள். நாளை தேடி வருகிற பிள்ளைக்கு அது கிடைக்கட்டும்.