குளூனி அருங்காட்சியகம்

குளூனி அருங்காட்சியகம் பிரான்சின் தலைநகர் பாரிசில் உள்ள தேசிய இடைக்கால அருங்காட்சியகம் ஆகும். தேவாலயங்களுக்கென உருவான சிற்பங்கள், வண்ணக் கண்ணாடிகள், தந்த வேலைப்பாடுகள், பொன் பூசைப்பொருள்கள் இதன் சேகரிப்பில் முதன்மை பெறுகின்றன. நெடுங்காலச் சீரமைப்புக்குப் பின் 2022 மே 12 அன்று இது மீண்டும் திறக்கப்பட்டது.

கட்டடமும் தோற்றமும்

ரோமானியர் காலப் பொதுக் குளியலகமும், 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் குளூனி மடாதிபதிகளுக்காக எழுந்த மாளிகையும் இங்கே ஒட்டி நிற்கின்றன. குளியலகத்தின் குளிர்நீர்க் கூடம் வளைகூரை சிதையாமல் எஞ்சியுள்ளது. மாளிகையில் குடியிருந்து பழம்பொருள் சேர்த்த அலெக்சாந்தர் து சொம்மரார் 1842இல் இறந்தார். மறு ஆண்டே அரசு மாளிகையையும் சேகரிப்பையும் வாங்கியது. 1844இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

சேகரிப்பு

பாசல் பேராலயத்தின் 11ஆம் நூற்றாண்டுப் பொன் பலிபீட முகப்பும் செயின்ட் சப்பேல் ஆலயத்தின் கண்ணாடி ஓவியங்களும் குறிப்பிடத்தக்கவை. நோத்ருதாம் பேராலய முகப்பில் இருந்த யூதா அரசர்களின் சிலைகளைப் பிரெஞ்சு மன்னர்கள் எனக் கருதிய புரட்சியாளர்கள் 1793இல் தகர்த்தனர். அவற்றின் 21 தலைகள் 1977இல் பாரிசில் நிலத்தடியில் கிடைத்து இங்கு வந்து சேர்ந்தன. ஏறத்தாழ 1500இல் நெய்யப்பட்ட ‘சீமாட்டியும் ஒற்றைக்கொம்புக் குதிரையும்’ என்னும் ஆறு சித்திரத் திரைகள் சமயம் சாராதவை. ஆயினும் அருங்காட்சியகத்தின் புகழ் அவற்றாலேயே பரவியது. இவை 1882இல் வாங்கப்பட்டன.

சீரமைப்பு

வெவ்வேறு காலக் கட்டடங்களின் தளங்கள் ஒரே மட்டத்தில் அமையாததால், படிகளில் ஏறி இறங்காமல் அரங்குகளைச் சுற்றிவர முடியாதிருந்தது. சக்கர நாற்காலியில் வருவோருக்குப் பெரும்பகுதி எட்டாமலே இருந்தது. இதைத் தீர்க்கும் திட்டம் 2015இல் தொடங்கியது. குளியலகமும் மாளிகையின் சிற்றாலயமும் செப்பனிடப்பட்டன. கட்டடக் கலைஞர் பெர்னார் தெமுலேன் வடிவமைத்த புதிய நுழைவுக் கட்டடம் 2018 ஜூலையில் திறக்கப்பட்டது. உள் அரங்கப் பணிகளுக்காக அருங்காட்சியகம் 2020 செப்டம்பர் இறுதியில் மூடப்பட்டது.

புதிய காட்சி முறை

முன்னர்ப் பொருள்கள் பெரும்பாலும் மூலப்பொருள், தொழில்நுட்பம் ஆகியவற்றின்படி பிரித்து வைக்கப்பட்டிருந்தன. இப்போது ஏறத்தாழ 1,600 பொருள்கள் கால வரிசையில் அடுக்கப்பட்டுள்ளன. இதனால் ஒரே காலத்தின் சிற்பம், கண்ணாடி, உலோக வேலை ஆகியவற்றை ஒருசேர ஒப்பிட முடிகிறது. மின்தூக்கிகளும் சரிவுப் பாதைகளும் அரங்குகளை இணைக்கின்றன.