சாயமும் மருந்தும்: சல்பா மருந்துகளின் தோற்றம் பற்றிய ஒரு நோக்கு

அறிவியலின் வரலாற்றை மேதைகளின் வரலாறாக எழுதும் மரபு இன்னும் வலுவுடனேயே இருந்து வருகின்றது. பாடநூல்களிற் காணப்படும் மருத்துவ வரலாறு பெரும்பாலும் இவ்வகையினதே: ஒருவர் தற்செயலாக எதையோ கண்டார், நோய் ஒழிந்தது. புலவர் வரிசையை ஒப்புவிப்பதே இலக்கிய வரலாறு எனக் கருதப்பட்டமையைக் கண்டித்து வந்துள்ள நாம், அறிவியல் வரலாற்றில் அதே குறைபாட்டைக் கண்டு வியப்படைய வேண்டியதில்லை. சேதன இரசாயனத்தின் வழியாக மருந்துகளை ஆக்கும் முறையும் அவற்றைப் பரிசோதிக்கும் முறையும் குறிப்பிட்ட உற்பத்தி உறவுகளினுள்ளேயே உருவாயின. இதனை விளக்குவதற்குச் சல்பா மருந்துகளின் வரலாறு மிகப் பொருத்தமானது. பண்டமொன்றின் பயன்பாட்டுப் பெறுமதியும் பரிவர்த்தனைப் பெறுமதியும் பிரிந்து நிற்பதை இங்கு நாம் ஒரு மூலக்கூறின் உள்ளேயே காண்கின்றோம்.

மருந்துத் தொழிலின் மூலத்தைத் தேடுவோர் மருத்துவமனைக்கன்று, நிலக்கரித் தாருக்கே செல்லுதல் வேண்டும். 1856 ஆம் ஆண்டு லண்டனில் வில்லியம் பேர்க்கின் என்னும் 18 வயது மாணவர், தாரிலிருந்து பெறப்பட்ட பொருள்களைக் கொண்டு குயினைன் செய்ய முயன்றார். மலேரியா நிறைந்த குடியேற்ற நாடுகளை ஆண்ட பேரரசுக்குக் குயினைன் இன்றியமையாத பொருளாக இருந்தது. அவருக்குக் கிடைத்ததோ குயினைன் அன்று, ஊதா நிறச் சாயம். மருந்தைத் தேடியவர் சாயத்தொழிலைத் தொடக்கிவைத்தார். அத்தொழில் ஜேர்மனியிலேயே பெருந்தொழிலாக வளர்ந்தது. தொழிற்சாலையினுள் ஆராய்ச்சிக்கூடத்தை அமைத்து, பட்டம் பெற்ற இரசாயனவியலாளரைச் சம்பளத்துக்கு அமர்த்தி, நூற்றுக்கணக்கான சேர்வைகளை முறையாக ஆக்கிப் பார்க்கும் வழக்கம் சாயத்துக்காகவே தோன்றியது. 1925 இல் பெரும் சாயக் கம்பனிகள் ஒன்றிணைந்து ஐ. ஜி. பார்பென் என்னும் ஏகபோகமாயின.

சாயம் மருந்தாகலாம் என்ற எண்ணத்தை வலியுறுத்தியவர் போல் ஏர்லிக். சில சாயங்கள் நுண்ணுயிர்களில் மட்டும் படிந்து, சூழவுள்ள இழையத்தை விட்டுவிடுவதை அவர் அவதானித்தார். படிவது கொல்லவும் கூடும் என்பது அவரது ஊகம். இவ்வூகத்தை ஐ. ஜி. பார்பெனின் எல்பர்பெல்ட் ஆய்வுகூடம் தொழிற்சாலை அளவில் நடைமுறைப்படுத்தியது. ஜோசப் கிளாரர், பிரிற்ஸ் மீற்ஸ் ஆகிய இரசாயனவியலாளர் புதிய சேர்வைகளை ஆக்கினர். 1927 இல் அங்கு சேர்ந்த கெர்காட் டொமாக் அவற்றைச் சோதித்தார். சோதனை முறையிலேயே டொமாக்கின் தனிச்சிறப்பு உள்ளது. சோதனைக் குழாயிற் பற்றீரியாவைக் கொல்லாத சேர்வையையும் அவர் கைவிடவில்லை. நோயூட்டப்பட்ட சுண்டெலியின் உடலிற் செலுத்திப் பார்த்தார். 1932 டிசம்பரில் 26 சுண்டெலிகளுக்கு ஸ்ரெப்டோகொக்கசுக் கிருமி ஏற்றப்பட்டது. அவற்றுள் 12 க்குச் செந்நிறச் சாயமொன்று கொடுக்கப்பட்டது. அந்தப் 12 உம் பிழைத்தன. கொடுக்கப்படாத 14 உம் மாண்டன. அதே மாதம் 25 ஆந் திகதி காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டது. புறொன்டோசில் என்னும் பெயரில் அறியப்பட்ட அம்மருந்து பற்றிய கட்டுரை வெளிவந்ததோ 1935 பெப்ரவரியில்.

1939 இல் நோபல் பரிசு டொமாக் ஒருவருக்கே அறிவிக்கப்பட்டது. நாசி அரசு அதனை ஏற்கவிடாது தடுத்தது. மூலக்கூறைக் கட்டியெழுப்பிய கிளாரருக்கும் மீற்சுக்கும் பரிசில் இடமிருக்கவில்லை. கூட்டு உழைப்பின் பயன் ஒருவர் பெயரில் எழுதப்படுவது இலக்கியத் துறையினருக்கும் புதிய செய்தியன்று.

இனி, நமது பொருளின் மையத்துக்கு வருவோம். பாரிசிலுள்ள பாஸ்டர் ஆய்வுநிலையத்தில் ஏர்னெஸ்ற் ஃபூர்னோவின் ஆய்வுகூடத்தினர் இம்மருந்தைத் தாமே ஆக்கிச் சோதித்தனர். மருந்துகளுக்குக் காப்புரிமை வழங்குவதை 1844 ஆம் ஆண்டின் பிரெஞ்சுச் சட்டம் விலக்கியிருந்தமையால் அவர்களுக்குத் தடையேதும் இருக்கவில்லை. புறொன்டோசில் அசோ வகுப்பைச் சேர்ந்த சாயம். இரு பாகங்களை இரட்டை நைதரசன் பிணைப்பு இணைத்து நிற்கும். அப்பிணைப்புச் சேர்ந்த அமைப்பே நிறத்தைத் தருவது. ட்ரெபுவல் தம்பதியர், நிட்டி, போவே ஆகியோர் ஒரு பாகத்தை மாற்றாது, மறு பாகத்தை மட்டும் மாற்றிப் பல சேர்வைகளைச் சோதித்தனர். மறு பாகம் எதுவாயினும் சுண்டெலிகள் பிழைத்தன. எனவே மாறாத பாகத்தைத் தனியே கொடுத்துப் பார்த்தனர். அதுவும் குணமாக்கியது. அது நிறமற்ற, எளிய, மலிவான பொருள்: சல்பனிலமைட்டு. உடலினுள் அசோப் பிணைப்பு முறிந்து இப்பொருள் வெளிப்படுவதாலேயே புறொன்டோசில் மருந்தாகின்றது. சோதனைக் குழாயில் முறிவு நிகழ்வதில்லை. ஆகவே அங்கு அது செயலற்றிருந்தது. நோயாளரின் தோலைச் சிவக்கச் செய்த செந்நிறத்துக்கும் நோய் தீர்தலுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்பது 1935 நவம்பரிற் புலனாயிற்று.

சல்பனிலமைட்டு புதிய பொருளுமன்று. 1908 இல் வியன்னாவில் போல் கெல்மோ என்னும் ஆய்வு மாணவர் அதனை ஆக்கியிருந்தார். கம்பளிக்கு ஏற்றப்படும் சாயம் கழுவும்போது நீங்காதிருக்க இத்தொகுதி உதவும் என்பதனால் சாயக் கம்பனியும் அதனை அறிந்திருந்தது. 1909 ஆம் ஆண்டின் காப்புரிமை காலாவதியாகிவிட்டது. குணமாக்கும் பாகம் எவருக்கும் உரியதாயிருந்தது. உரிமை கோரக்கூடியதாயிருந்ததோ குணமாக்காத பாகத்தோடு சேர்ந்த முழுமையே. 1932 இற்கும் 1935 இற்கும் இடைப்பட்ட மௌனத்தைச் சுட்டி, கம்பனி உண்மையைத் தெரிந்தே மறைத்தது எனச் சிலர் குற்றஞ்சாட்டுவர். நாம் அவ்வளவு தூரம் செல்ல விரும்பவில்லை. சதியைக் கற்பிப்பது உண்மையில் அமைப்பின் குற்றத்தைக் குறைத்துவிடுகின்றது. சாயத்தை விற்று வாழ்ந்த நிறுவனம் சாயத்திலேயே மருந்தைத் தேடியது. கண்ட குணத்தையும் சாயத்துக்கே உரியதெனக் கருதியது. பார்வையைக் கட்டுப்படுத்தியது பொய்யன்று, உற்பத்தி முறை.

இதனாற் கண்டுபிடிப்பின் பெருமை குறையவில்லை. லண்டனில் லெனாட் கோல்புறூக் பிரசவக் காய்ச்சலால் வருந்திய பெண்களுக்குப் புறொன்டோசிலைக் கொடுத்து, 1936 இல் முடிவுகளை வெளியிட்டார். முன்னைய 38 பேரில் 10 பேர் இறந்திருக்க, மருந்து பெற்ற 38 பேரில் இறந்தோர் 3 பேரே. ஏழைத் தாய்மாரின் மரணத்தை விதியென்று சொல்லி வந்த காலம் இவ்வெண்களோடு முடிவுறத் தொடங்கியது. 1940 இல் டொனால்ட் வூட்ஸ், பற்றீரியாவுக்கு இன்றியமையாத பொருளொன்றைச் சல்பனிலமைட்டு அமைப்பில் ஒத்திருப்பதைக் காட்டினார். கிருமி ஒன்றை மற்றொன்றென மயங்கி ஏற்றுத் தன் வளர்ச்சியை இழக்கின்றது.

எவருக்கும் உரிமையில்லாத பொருளை எல்லாரும் விற்கத் தொடங்கினர். ஒரே பொருள் பல வணிகப் பெயர்களைப் பூண்டது. 1971 இல் இலங்கையில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டபோது அதன் முதல் தலைவரான பேராசிரியர் சேனக பிபிலே எதிர்த்துநின்றதும் இவ்வணிகப் பெயர்களின் ஆட்சியையே; மருந்து தன் பொருட்பெயராலேயே வாங்கப்பட்டு எழுதப்படல் வேண்டும் என்பது அவர் கொள்கை. 1930களின் அமெரிக்காவில் அத்தகைய கட்டுப்பாடு எதுவும் இருக்கவில்லை. பொருள் ஒன்றேயாதலின் போட்டி, சுவையிலும் வடிவிலும் நிகழ்ந்தது.

டென்னசி மாநிலத்தின் மசென்கில் நிறுவனம் 1937 இல் திரவ வடிவிலான சல்பனிலமைட்டை விற்பனைக்கு விட்டது. நீரில் எளிதிற் கரையாத அம்மருந்தைக் கரைப்பதற்கு அதன் இரசாயனவியலாளர் டைஎதிலீன் கிளைக்கோலைத் தேர்ந்தார். சிறுநீரகத்தை அழிக்கும் நஞ்சு அது. ராஸ்பெரிச் சுவையும் சக்கரீனும் சேர்க்கப்பட்டன. சுவையும் தோற்றமும் மணமும் சோதிக்கப்பட்டன. நச்சுத்தன்மை சோதிக்கப்படவில்லை, சட்டம் அதனைக் கோரவுமில்லை. எல்பர்பெல்ட் ஆய்வுகூடம் 26 சுண்டெலிகளிற் செய்ததை இங்கு நோயாளர்மீதே செய்தனர் எனலாம். 105 பேர் மாண்டனர். அவர்களுள் 34 பேர் குழந்தைகள். நிறுவனத்தின்மீது சுமத்தப்பட்ட குற்றமோ கொலையன்று: மதுசாரம் இல்லாத திரவத்துக்கு ‘எலிக்சிர்’ எனப் பெயரிட்டமையே. அப்பெயர் மட்டும் இல்லாதிருப்பின், சந்தையிலிருந்து அதனைப் பறிமுதல் செய்ய அரசுக்குச் சட்டபூர்வ வழியே இருந்திராது. விற்பனைக்கு முன் பாதுகாப்பை நிறுவுதல் வேண்டும் என்னும் சட்டம் மறு ஆண்டு, 1938 இல், இயற்றப்பட்டது.

அத்திரவத்துக்கு நிறமூட்ட அமராந்து என்னும் சிவப்புப் பொருளும் சேர்க்கப்பட்டிருந்தது. அதுவும் ஓர் அசோச் சாயம். பாரிசில் நீக்கப்பட்ட நிறம், இரண்டு ஆண்டுகளுள், விற்பனையின் பொருட்டு மருந்தோடு மீண்டும் சேர்க்கப்பட்டது. டைஎதிலீன் கிளைக்கோலும் மறைந்துவிடவில்லை. 2022 இல் காம்பியாவிற் குழந்தைகளின் மரணத்தோடு தொடர்புபடுத்தப்பட்ட இருமல் பாணிகளிலே அதே பொருள் இருந்தமையை உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.