கேசரிக்கு நிறம் வந்த கதை

இந்தியில் கேசர் என்றால் குங்குமப்பூ. நம் கேசரிக்கும் பெயர் அங்கிருந்து வந்ததுதான். தில்லியில் பக்கத்து வீட்டாருக்கு ஒரு கிண்ணம் கொடுத்தால், "கேசர் போட்டதா?" என்று ஆசையாகக் கேட்பார்கள். நம்மில் பெரும்பாலானோர் வீட்டில் போடுவதோ மளிகைக் கடையில் சின்ன டப்பாவில் விற்கும் கேசரிப் பவுடர். பூ போய்ப் பொடி எப்படி வந்தது, அதற்கும் பிள்ளைகளின் கவனத்துக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் இந்தப் பதிவு.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டுகிறவன். என் சின்னவனுக்கு ஏடிஹெச்டி என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, ஊரிலிருந்தும் இங்கிருந்தும் ஆளாளுக்கு யோசனை சொல்கிறார்கள். அதில் அடிக்கடி காதில் விழுவது, "கலர் போட்ட சாப்பாட்டை நிறுத்து, எல்லாம் சரியாகிவிடும்" என்பது. எவ்வளவு உண்மை என்று தேடிப் படித்தேன்.

கதை 1856-ல் லண்டனில் தொடங்குகிறது. வில்லியம் பெர்கின் என்ற 18 வயதுப் பையன் மலேரியாவுக்குக் குயினைன் செய்யப் போனான். மருந்து வரவில்லை, ஊதாச் சாயம் வந்தது. அதன் பிறகு கரித்தாரிலிருந்து வகைவகையாகச் சாயங்கள் செய்தார்கள். டார்ட்ரசின் என்ற மஞ்சள் 1884-ல் வந்தது. துணிக்கு வந்த சாயங்கள் மிட்டாய்க்கும் வந்தன. காரணம் சுலபம். விலை குறைவு, துளி போட்டால் போதும், சீக்கிரம் வெளுக்காது.

1950-ல் அமெரிக்காவில் ஹாலோவீன் பண்டிகைக்கு ஆரஞ்சு நிற மிட்டாய் தின்ற குழந்தைகள் பலர் நோயில் விழுந்தார்கள். அந்த நிறம் பின்னால் தடையானது. 1960-ல் நிறங்களுக்கென்றே அங்கே சட்டத் திருத்தம் வந்தது. நம் நாட்டில் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் 1954-ல் வந்தது. எந்த நிறம், எந்தப் பண்டத்தில், எவ்வளவு என்று அதன் விதிகள் வரையறுத்தன.

அதுவரை எல்லாருடைய கவலையும் விஷம், புற்றுநோய் இவை பற்றித்தான். பிள்ளைகளின் நடத்தையை இதில் இழுத்தவர் பென் ஃபைன்கோல்ட், கலிஃபோர்னியாவில் ஒவ்வாமை மருத்துவர். செயற்கை நிறங்களையும் மணப்பொருள்களையும் நிறுத்தினால் துறுதுறுப்பு மிகுந்த பிள்ளைகள் அடங்குகிறார்கள் என்று 1973-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் கூட்டத்தில் சொன்னார். பெற்றோர்கள் கொண்டாடினார்கள். ஆனால் அவருடைய பட்டியல் தக்காளி, ஆரஞ்சு, ஆப்பிளையும் சேர்த்துத் தள்ளிவைத்தது. (தக்காளி இல்லாமல் ரசம் வைத்துப் பாருங்கள்!) அடுத்து நடந்த கட்டுப்பாடான சோதனைகள் பலவற்றில் அவர் சொன்ன அளவுக்குப் பலன் தெரியவில்லை. பலர் அவரை மறந்தே போனார்கள்.

மறுபடி பேச வைத்தது 2007-ல் 'லான்செட்' இதழில் வந்த சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வு. செலவு பிரிட்டிஷ் அரசின் உணவுத் தர முகமையுடையது. 3 வயதுப் பிள்ளைகள் 153 பேர், 8, 9 வயதுப் பிள்ளைகள் 144 பேர். எல்லாரும் ஏடிஹெச்டி உள்ளவர்கள் அல்ல, சாதாரணப் பிள்ளைகள். சில வாரம் நிறக் கலவை சேர்த்த பழரசம், சில வாரம் அதே சுவையில் வெறும் ரசம். எது எந்த வாரம் என்று பிள்ளைக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது.

இங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மூன்று வயதுப் பிள்ளைகளிடம் துறுதுறுப்பைக் கூட்டிய முதல் கலவையில் இருந்த நிறங்கள் நான்கு: டார்ட்ரசின், சன்செட் யெல்லோ, கார்மோய்சின், பொன்சோ 4ஆர். கூடவே சோடியம் பென்சோயேட் என்ற பதப்பொருள். நம் நாட்டின் 2011 உணவு விதிகளில் அனுமதித்த செயற்கை நிறங்கள் எட்டு. அந்த நான்கும் அந்த எட்டுக்குள் இருக்கின்றன!

இனி என் தொழில் கணக்கு. அந்த ஆய்வில் மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குக் கொடுத்த நிறம் 20 மில்லிகிராம். நம் விதிகளில் பெரும்பாலான பண்டங்களுக்கு உச்ச வரம்பு கிலோவுக்கு 100 மில்லிகிராம். அதாவது, வரம்பு வரை நிறம் போட்ட குளிர்பானம் 200 மில்லி குடித்தால் 20 மில்லிகிராம் ஆயிற்று. சட்டத்தை மீறாமலே! வீட்டுக் கேசரியில் நாம் போடும் சிட்டிகையை யாரும் எடை போடுவதில்லை.

ஆனால் ஆய்வை உள்ளபடி சொல்ல வேண்டும். கண்ட மாற்றம் சிறியது, பிள்ளைக்குப் பிள்ளை வித்தியாசப்பட்டது. நிறமா, பதப்பொருளா என்றும் பிரித்துச் சொல்ல முடியாது. 2012-ல் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், ஏடிஹெச்டி உள்ள பிள்ளைகளில் சுமார் 8 சதவீதத்தினருக்கு உணவு நிறத்தோடு தொடர்புள்ள அறிகுறிகள் இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். பெரும்பான்மைக்குக் காரணம் நிறம் இல்லை என்றும் அதற்குப் பொருள்.

அரசுகள் ஆளுக்கொரு வழி போயின. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஜூலை 2010 முதல், அந்த ஆய்வில் வந்த ஆறு நிறங்களில் எது இருந்தாலும், பிள்ளைகளின் கவனத்தைப் பாதிக்கலாம் என்று உறையில் அச்சிட வேண்டும். பல கம்பெனிகள் அச்சிடுவதற்குப் பதிலாக நிறத்தையே மாற்றிவிட்டன. அமெரிக்க நிபுணர் குழு 2011-ல் எச்சரிக்கை வேண்டாம் என்றது. 2025-ல் அதே நாட்டு அரசு, பெட்ரோலிய நிறங்களைப் படிப்படியாகக் கைவிடும்படி கம்பெனிகளைக் கேட்டுக்கொண்டது.

நம் தில்லியில் பள்ளிச் சாப்பாடு பற்றி உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போனது. 2010-ல் போட்ட பொதுநல வழக்கில் 2015-ல் தீர்ப்பு, 2020-ல் நாடு முழுவதற்கும் விதிகள். பள்ளியிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்தவற்றை விற்கக் கூடாது என்றன அவை. நல்லதுதான், ஆனால் நிறத்தின் மேல் கவனம் போகவில்லை. தமிழ்நாட்டில் பிப்ரவரி 2024-ல் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்தது. அது ரோடமின்-பி என்ற துணிச்சாயத்துக்காக. அனுமதி இல்லாத சாயத்தைப் பிடிப்பது அது; நான் சொல்வது அனுமதி உள்ளவற்றை.

எங்கள் வீட்டில் என்ன செய்கிறோம்? உறையில் 102, 110, 122, 124 என்ற எண்கள் இருந்தால் வாங்குவதில்லை. கேசரி வெள்ளையாகவோ, இரண்டு இழை குங்குமப்பூவோடோ வருகிறது. நிறத்தில் சத்தும் இல்லை, ருசியும் இல்லை. விடுவதால் நட்டம் ஏதும் கிடையாது. அதனால் முழு நிரூபணம் வரும் வரை காத்திருக்கவில்லை. பையனிடம் கொஞ்சம் மாற்றம் தெரிகிறதா என்றால், தெரிவது போலவும் இருக்கிறது, இல்லாதது போலவும் இருக்கிறது. பெற்றவர் கண்ணை நம்ப முடியாது என்றுதானே அந்த ஆய்வில் பெற்றோருக்கே சொல்லாமல் கொடுத்தார்கள்!

மருந்தும் பயிற்சியும் டாக்டர் சொன்னபடி தொடர்கின்றன. இதைப் படிக்கும் யாராவது கேசரிப் பவுடரை நிறுத்திய கையோடு மாத்திரையையும் நிறுத்தலாம் என்று நினைத்தால், தயவுசெய்து வேண்டாம். "நீ கண்டதை வாங்கிக் கொடுத்ததால்தான் பிள்ளை இப்படி" என்று யாராவது வீட்டில் அம்மாவைக் குறை சொன்னால், அந்த 8 சதவீதத்தை அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள். அடுத்த பொங்கல் விழாவுக்குச் சமையல்காரரிடம் பேசும்போது, சர்க்கரைப் பொங்கலுக்கு வெல்லத்தின் நிறமே போதும் என்று ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.