நள்ளிரவில் வந்த அப்பம்

நள்ளிரவில் நண்பர் வீட்டுக் கதவைத் தட்டி மூன்று அப்பம் கேட்டவரைப் பற்றி லூக்கா நற்செய்தி 11-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அங்கே உள்ளே படுத்திருந்தவருக்கு எழுந்து வர மனமில்லை, அவ்வளவுதான். ஆனால் இரவில் உணவு கொண்டுபோவதே குற்றமாக எண்ணப்பட்ட காலமும் உண்டு.

நைஜீரியாவின் கிழக்குப் பகுதி 1967 மே 30 அன்று பியாப்ரா என்று தன்னைத் தனிநாடாக அறிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டில் வடக்கே இக்போ மக்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டிருந்தார்கள். ஜூலையில் போர் மூண்டது. 1968 மே மாதம் போர்ட் ஹார்கோர்ட் துறைமுகமும் வீழ்ந்தது, கடல்வழி அடைபட்டது. உள்ளே சிக்கியவர்களுக்குக் கிழங்காவது கொஞ்சம் கிடைத்தது. மீன், இறைச்சி, பால் கிடைப்பது அரிதாயிற்று. புரதமின்றிக் குழந்தைகளின் வயிறும் கால்களும் வீங்கின, தலைமுடி செம்பட்டையானது.

அந்த மண்ணில் நெடுங்காலம் பணியாற்றிவந்த அயர்லாந்து நாட்டுத் தூய ஆவி சபைக் குருக்கள் வெளியுலகுக்குக் குரல் கொடுத்தார்கள். காரித்தாசும், லுத்தரன் முதலிய பிற சபையினரும் கைகோத்தார்கள். போர்த்துகீசியர் வசமிருந்த சாவோ டோமே தீவிலிருந்து விமானங்கள் புறப்பட்டன. அவை இறங்கிய ஊலி விமானத் தளம் உண்மையில் ஒரு தார்ச்சாலைதான், அதை அகலப்படுத்தியிருந்தார்கள். குண்டுவீச்சுக்கு அஞ்சி, விமானம் தரையிறங்கும் வேளையில் மட்டும் விளக்கைப் போட்டு உடனே அணைப்பார்கள். இருட்டில் லாரிகளோடு குருக்கள் காத்திருப்பார்கள். பால்மாவு, உப்பு, நார்வே நாட்டு உலர்மீன். நம் கருவாட்டைப் போல அது இக்போ மக்கள் போருக்கு முன்பே விரும்பிச் சாப்பிட்டது. வீட்டுச் சுவை தெரிந்தவர்கள்தாம் அனுப்பியிருக்கிறார்கள்! 5,000-க்கும் மேற்பட்ட பயணங்களில் ஏறத்தாழ 60,000 டன் பொருள் போய்ச் சேர்ந்தது. விமானிகள் சிலர் உயிரிழந்தார்கள்.

அதே தளத்தில், அதே இருட்டில், ஆயுத விமானங்களும் இறங்கின. இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. உங்கள் பால்மாவு போரை நீட்டிக்கிறது என்றது நைஜீரிய அரசு. சோதனைக்கு உட்பட்டுப் பகலில் வரலாம் என்றும் சொன்னது. பியாப்ராவின் தலைவர் ஓஜுக்வு அதற்கு இணங்கவில்லை. இரு தரப்பும் வாதாடிக்கொண்டிருந்த மாதங்களில் செத்தவை குழந்தைகள். 1969 ஜூன் 5 அன்று செஞ்சிலுவைச் சங்க விமானமொன்று சுட்டு வீழ்த்தப்பட்டது. சங்கம் தன் விமானங்களை நிறுத்தியது. அரசுகளின் இசைவோடு இயங்கவேண்டிய அமைப்பு அது. அதைக் கோழைத்தனம் என்பது நியாயமாகாது. திருச்சபைகளின் விமானங்களோ போர் முடியும்வரை பறந்தன. அவர்கள் செய்தது சரியென்றே நாம் நினைக்கிறோம், ஆயுத விமானங்களின் நிழல் அதன்மேல் விழுந்திருந்தாலும்.

1970 ஜனவரியில் பியாப்ரா சரணடைந்தது. குருக்களும் கன்னியரும் பலர், அனுமதியின்றி நாட்டுக்குள் நுழைந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு நாடு கடத்தப்பட்டார்கள்.

1949-இன் ஜெனீவா ஒப்பந்தம் 15 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் உணவு செல்ல இடமளித்தது. எதிரிக்கு ஆதாயமாகும் என்று அஞ்சினால் மறுக்கவும் விட்டிருந்தது. அதுவும் நாடுகளுக்கிடையிலான போருக்கு மட்டுமே. குடிமக்களைப் பட்டினி போடுவதைப் போர்முறையாகக் கொள்ளலாகாது என்று, உள்நாட்டுப் போருக்கும் சேர்த்து, 1977-இல்தான் எழுதி வைத்தார்கள். நைஜீரியா 1988-இல் அதில் இணைந்தது.